காலை 12:15 என்பது எந்த நேரம்?

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் மடிவாளாவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து மணிக்குத் தொடங்கி, ஒரு மணி தாண்டியும் மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர், சேலம் என்று பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். தோளில் பையும் கையில் போனுமாக ஆட்கள் சாலையோரம் முழுக்க நிற்பார்கள். இங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு ஊர்ப் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா, ஊர் திரும்ப டிக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டார். செயலியைத் தமிழில் மாற்றிவைத்துப் போட்டார். டிக்கெட்டில் ‘சனி, காலை 12:15’ என்று வந்தது. சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கே மடிவாளா போய்விட்டார். பேருந்து அதற்குப் பதினோரு மணி நேரம் முன்பே, முந்தின நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரத்தில், கிளம்பிப் போயிருந்தது.

போனில் என்னிடம் கேட்டார்: “ஏம்மா, காலை பன்னிரண்டேகால்னா பகல்தானே? ராத்திரின்னா ராத்திரின்னு போட மாட்டாங்களா?”

அவர் கேட்டது முழுக்க நியாயம். படித்தவர் தவறாகப் படிக்கவில்லை, எழுதிய மென்பொருள்தான் தவறாக எழுதியிருக்கிறது. மென்பொருளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோகும் வேலையில் இருப்பவள் நான். இந்த ஒரு பிழையை எத்தனையோ வடிவங்களில் பார்த்துவிட்டேன். ‘ஏ.எம்.னா காலை, பி.எம்.னா மாலை, இதில் என்ன இருக்கிறது’ என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த ஒரு வரியில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. புதிதாக நிரல் எழுத வருபவர்களுக்கும், செயலிகளைத் தமிழாக்கம் செய்பவர்களுக்கும் இதை அடியிலிருந்து விளக்கிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு எங்கே உட்கார்கிறது?

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தளங்கள். தரைத்தளம் 0, அதற்கு மேல் 1, 2, 3 என்று ஏறி 11 வரை போகிறது. இதில் குழப்பமே இல்லை. இப்போது யாரோ ஒருவர் லிஃப்டில் இருக்கும் 0 என்ற பொத்தானின் மேல் 12 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார். கீழே 12, அதற்கு மேலே 1, பிறகு 2. புதிதாக வருபவர் 12 என்பதைப் பார்த்து அது உச்சித் தளம் என்றுதானே நினைப்பார்?

நம் கடிகாரம் அப்படித்தான் இருக்கிறது. ஏ.எம். என்பது ஏ பிளாக், பி.எம். என்பது பி பிளாக். ஏ பிளாக்கின் தரைத்தளம் நள்ளிரவு, பி பிளாக்கின் தரைத்தளம் நண்பகல். இரண்டுக்கும் 0 என்று போட வேண்டிய இடத்தில் 12 என்று போட்டிருக்கிறோம். அதனால்தான் பகல் 11:59 ஏ.எம்.முக்கு அடுத்த நிமிடம் 12:00 பி.எம். ஆகிறது. எண் தொடர்ச்சியாகப் போவது போலத் தெரியும், ஆனால் பிளாக் மாறிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து 12:59இலிருந்து 1:00க்குப் போகும்போது எண் சட்டென்று சிறிதாகிறது, பிளாக் மட்டும் மாறுவதில்லை.

ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் சொற்றொடர்களின் சுருக்கம். ‘ஆன்ட்டே மெரிடியம்’ என்றால் நண்பகலுக்கு முன், ‘போஸ்ட் மெரிடியம்’ என்றால் நண்பகலுக்குப் பின். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சரியாக நண்பகல் 12:00 முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. அமெரிக்காவில் அளவைகளுக்கும் தரங்களுக்கும் பொறுப்பான என்.ஐ.எஸ்.டி. நிறுவனமே 12 ஏ.எம்., 12 பி.எம். என்று எழுதுவதைத் தவிர்த்து, நண்பகல் அல்லது நள்ளிரவு என்று எழுதுங்கள் என்கிறது. நள்ளிரவு என்று எழுதினாலும் எந்த நாளின் நள்ளிரவு என்ற கேள்வி மிஞ்சும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: 12 என்பது அந்த அரைநாளின் முதல் மணி, கடைசி மணி கிடையாது. 12 என்று பார்த்தவுடன் மனதுக்குள் 0 என்று படித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு தோற்றம்

வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. நமக்கு அது 1,00,000 என்று தெரிகிறது, அமெரிக்காவில் இருப்பவருக்கு 100,000 என்று தெரிகிறது. காற்புள்ளி இடம் மாறியதால் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வங்கியின் கணினி காற்புள்ளியைச் சேமித்து வைப்பதே இல்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும் நொடியில் ஆளுக்கேற்ற காற்புள்ளியைப் போடுகிறது.

நேரமும் இப்படியே இருக்க வேண்டும். உள்ளே 0 முதல் 23 வரை போகும் 24 மணி நேரக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்., பி.எம்., காலை, மாலை எல்லாம் திரைக்குப் போகும்போது உடுத்திக்கொள்ளும் உடைதான். வலைப்பக்கத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று உண்டு. உங்கள் உலாவி அதை 12 மணி நேர வடிவில் காட்டினாலும், அதிலிருந்து நிரலுக்குப் போய்ச் சேரும் மதிப்பு எப்போதும் 24 மணி நேர வடிவில்தான் இருக்கும். இணையத்தை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

உள்ளிருந்து வெளியே மாற்றும் கணக்கு எளிது. மணியை 12ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மீதி 0 என்றால் 12 என்று காட்டுங்கள். மணி 12க்குக் குறைவு என்றால் ஏ.எம்., 12 அல்லது அதற்கு மேல் என்றால் பி.எம். ‘12க்கு மேல் என்றால் பி.எம்.’ என்று மட்டும் எழுதிவிட்டால் மதியம் 12:30, ஏ.எம். ஆகிவிடும். ‘அல்லது அதற்குச் சமம்’ என்ற சிறு சேர்க்கைதான் விடுபட்டுப்போகிறது. நாள் முழுக்க மற்ற எல்லா மணிக்கும் நிரல் சரியாக ஓடும் என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘பி.எம். என்றால் 12 கூட்டு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாலை 4 மணி 16 ஆகும், சரி. மதியம் 12:30? அது 24:30 ஆகும். சில நிரல்கள் அதை மறுநாள் 0:30 என்று எடுத்துக்கொண்டு, மதியச் சந்திப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும். நள்ளிரவு 12:30 ஏ.எம். மாறாமல் 12:30 என்றே உள்ளே போய், மதியம் ஆகிவிடும். சரியான முறை இரண்டே படி. முதலில், மணி 12 என்றால் 0 ஆக்குங்கள். பிறகு, பி.எம். என்றால் 12 கூட்டுங்கள். லிஃப்டில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு எண்ணுவது போலத்தான் இது.

நிரலில் நேரத்தைக் காட்ட ‘வடிவக் குறிப்பு’ ஒன்று கொடுப்போம். எந்த இடத்தில் மணி, எந்த இடத்தில் நிமிடம் என்று சொல்லும் சிறு எழுத்துக் கோவை அது. மணியைக் குறிக்க அதில் நான்கு எழுத்துகள் உண்டு. சின்ன ஹெச் என்றால் 1 முதல் 12, பெரிய ஹெச் என்றால் 0 முதல் 23, பெரிய கே என்றால் 0 முதல் 11, சின்ன கே என்றால் 1 முதல் 24. 0 முதல் 11 வரை யார் எண்ணுகிறார்கள் என்று தோன்றலாம். ஜப்பானில் 12 மணி நேரக் கணக்கில் எழுதும்போது நள்ளிரவு தாண்டிய நேரத்தை 0 மணி என்றே எழுதுவது வழக்கம். அவர்கள் அந்த ஸ்டிக்கரை ஒட்டவே இல்லை. பார்க்க நிறைவாக இருக்கிறது.

அதிகம் நடப்பது, பெரிய ஹெச் போட வேண்டிய இடத்தில் சின்ன ஹெச் போடுவது. அப்போது பிற்பகல் மூன்றரையும் பின்னிரவு மூன்றரையும் ஒன்றுபோலவே 3:30 என்று வரும். சின்ன ஹெச் போட்டால் பொழுதைச் சொல்லும் எழுத்தும் கூடவே வர வேண்டும். அதைப் போட்டாலும், சில ஐரோப்பிய மொழிகளுக்கான அமைப்புகளில் ஏ.எம்., பி.எம். இடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள், அவர்களுக்கு அந்த வழக்கமே இல்லை என்பதால். ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்த நேரம் ஜெர்மன் திரையில் பாதி நேரமாக நிற்கும்.

வரிசைப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். காட்டுவதற்கான எழுத்தையே வரிசைப்படுத்தினால் 10:00 மணி, 9:00 மணிக்கு முன்னால் வந்துவிடும், 1 என்ற எழுத்து 9க்கு முந்தியது என்பதால். தமிழில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இரவு, காலை, பிற்பகல், மதியம், மாலை என்பது அகரவரிசை. கிட்டத்தட்ட சரியான வரிசை போலவே தெரிவதால் சோதிப்பவர் விட்டுவிடுவார். ஆனால் பிற்பகல், மதியத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆக, உள்ளே 24 மணி, வெளியே ஆளுக்கேற்ற உடை. வரிசைப்படுத்துவது, கழிப்பது, ஒப்பிடுவது எல்லாம் உள்ளே இருக்கும் எண்ணில்தான்.

இரண்டு சொல்லில் அடங்காத நாள்

இப்போது சித்தப்பாவின் டிக்கெட்டுக்கு வருவோம். அந்தச் செயலியை எழுதியவர், ஏ.எம். என்ற இடத்தில் காலை என்றும் பி.எம். என்ற இடத்தில் மாலை என்றும் போட்டிருப்பார் போலிருக்கிறது. பட்டியலில் இரண்டு சொற்களைக் கொடுத்து ‘இதைத் தமிழாக்குங்கள்’ என்று கேட்டிருப்பார்கள், மொழிபெயர்த்தவரும் தெரிந்ததைப் போட்டிருப்பார். அவர் மீதும் பழி சொல்ல முடியாது. கேட்ட கேள்வியே தவறு.

ஏனென்றால் ஏ.எம். என்பது நள்ளிரவு முதல் நண்பகல் வரை பன்னிரண்டு மணி நேரம். தமிழில் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒற்றைச் சொல் இல்லை. நள்ளிரவு, அதிகாலை, காலை, பகல் என்று மாறி மாறித்தான் சொல்கிறோம். பி.எம். பக்கமும் அதே கதை: மதியம், பிற்பகல், மாலை, இரவு. ‘மாலை 1:30 மணிக்கு மதிய உணவு’ என்று அலுவலகச் செயலி ஒன்று எனக்கே அறிவிப்பு அனுப்பியிருக்கிறது.

முற்பகல், பிற்பகல் என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அகராதிப்படி அது லத்தீனுக்கு மிக அருகில் இருக்கும் சொல்தான். ஆனால் சொல்லுக்குள்ளேயே பகல் இருக்கிறதே! ராத்திரி இரண்டு மணியை முற்பகல் 2:00 என்று எழுதினால் அங்கே எந்தப் பகல் இருக்கிறது? ‘பிற்பகல் 10:30’ என்று போன் திரையில் பார்த்துவிட்டு, அது இரவா பகலா என்று ஒரு நொடி தயங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கன்னடத்திலும் இதே நிலைதான். பூர்வாஹ்ன, அபராஹ்ன என்று வடமொழிச் சொற்களை ஏ.எம்., பி.எம்.முக்கு இணையாக வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் கடைக்காரர் யாரும் ‘அபராஹ்ன ஒம்பத்து கண்டே’ என்று சொல்லிக் கேட்க முடியாது. ‘ராத்ரி ஒம்பத்து கண்டே’ என்பார்.

இதற்கென்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. யூனிகோட் கூட்டமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பொதுத் தரவுத் தொகுப்பைப் பராமரிக்கிறது. எந்த மொழியில், எந்த நாட்டில் தேதியை எப்படி எழுதுவார்கள், எண்ணை எப்படி எழுதுவார்கள், நேரத்தை எப்படிச் சொல்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் போன்களும் உலாவிகளும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. மொழியும் நாடும் சேர்ந்த இந்த அடையாளத்தை நிரலாளர்கள் ‘லொக்கேல்’ என்பார்கள். இந்தியத் தமிழ் ஒரு லொக்கேல், இலங்கைத் தமிழ் இன்னொரு லொக்கேல். மொழி ஒன்றாக இருந்தாலும் இந்தியாவுக்கு 12 மணி நேரமும், இலங்கைக்கு 24 மணி நேரமும் இயல்பான வடிவமாக அதில் வைக்கப்பட்டிருக்கிறது. மொழியை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் உதாரணம் இது.

அந்தத் தொகுப்பில் ஏ.எம்., பி.எம்.முக்கு அப்பால் ‘பொழுதுப் பெயர்’ என்று தனியாக ஒன்று உண்டு. நாளை எத்தனை துண்டாக வெட்டுவது, எந்தத் துண்டுக்கு என்ன பெயர் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி விதி. தமிழுக்கு 3 முதல் 5 வரை அதிகாலை, 5 முதல் 12 வரை காலை, 12 முதல் 14 வரை மதியம், 14 முதல் 16 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, 18 முதல் 21 வரை அந்தி மாலை, 21 முதல் மறுநாள் 3 வரை இரவு. சரியாக 12:00 என்ற புள்ளிகளுக்கு நண்பகல், நள்ளிரவு என்று தனிப் பெயர்கள். இந்திக்கு வெட்டு வேறு: 4 முதல் 12 வரை ஸுபஹ் (காலை), 16 வரை தோபஹர் (மதியம்), 20 வரை ஷாம் (மாலை), பிறகு 4 மணி வரை ராத் (இரவு). மூன்று மணியை இந்தி வெட்டு தோபஹர் என்கிறது, தமிழ் வெட்டு பிற்பகல் என்கிறது. ஒரு மொழியின் வெட்டை இன்னொன்றின் மேல் ஒட்ட முடியாது.

இந்தத் தமிழ் வெட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ராத்திரி எட்டரை மணியை ‘அந்தி மாலை 8:30’ என்று யார் சொல்கிறார்கள்? அந்தி என்பது பொழுது சாயும் நேரம். எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்போம். நாளிதழ்களும் இரவு 8 மணி என்றே எழுதுகின்றன. ஏழு மணி, மாலையா இரவா என்று வேண்டுமானால் வாதாடலாம், எட்டில் வாதமே இல்லை. இந்தத் தரவு வானத்திலிருந்து வந்ததல்ல, மொழி தெரிந்தவர்கள் உள்ளிட்டு, வாக்களித்து உருவாக்கியது. நம்மில் இன்னும் நிறையப் பேர் அந்த வேலையில் சேர்ந்தால் இது மாறும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

நாளைத் துண்டுபோடுவது நமக்குப் புதிதும் இல்லை. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளைப் பழந்தமிழ் இலக்கணம் வகுத்தது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம், ஆகவே நான்கு மணி நேரம். ஆறும் சேர்ந்தால் சரியாக ஒரு நாள். இத்தனை நுட்பமாகப் பொழுதைப் பார்த்த மொழியை ‘காலை, மாலை’ என்று இரண்டு பெட்டிக்குள் அடைப்பது எனக்கு வலிக்கிறது.

இன்னும் தள்ளிப்போனால் கிழக்கு ஆப்பிரிக்கா. ஸ்வாஹிலி பேசுபவர்கள் காலை ஏழு மணியை ‘காலை ஒன்று’ என்கிறார்கள். பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்கு. எத்தியோப்பியாவிலும் இப்படித்தான். அங்கே எண்ணே ஆறு மணி நேரம் விலகி நிற்கிறது. அவர்களிடம் நேரம் கேட்டு வாங்கும் செயலி எழுதுபவர், எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கமாக: ஏ.எம்.முக்கும் பி.எம்.முக்கும் சொல் தேடாதீர்கள். மணியைப் பார்த்துப் பொழுதுப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை லொக்கேல் தரவிடம் விடுங்கள்.

சொல் முன்னாலா, பின்னாலா?

ஆங்கிலத்தில் எண் முன்னே, ஏ.எம். பின்னே. தமிழில் ‘காலை 10:30’ என்று பொழுது முன்னே வரும். சீனம், ஜப்பானியம், கொரியன் மொழிகளிலும் முன்னேதான். நிரலில் எண்ணையும் பொழுதையும் தனித்தனியாக வாங்கி ஒட்டினால் ‘10:30 காலை’ என்று வரும். புரியும், ஆனால் யாரோ வெளியூர்க்காரர் பேசுவது போல இருக்கும். அதற்குப் பின்னால் வேற்றுமை உருபும் வந்து சேரும். ‘உங்கள் வண்டி’ என்ற துண்டு, நேரம், ‘மணிக்கு வரும்’ என்ற துண்டு, மூன்றையும் ஒட்டினால் ‘உங்கள் வண்டி 10:30 காலை மணிக்கு வரும்’ என்று ஒரு வாக்கியம் பிறக்கிறது. இதை எத்தனை செயலிகளில் பார்த்திருப்போம்!

மொழிபெயர்ப்பவரிடம் முழு வாக்கியத்தையும் கொடுங்கள். நேரம் வரும் இடத்தில் ஒரு வெற்றிடக் குறி மட்டும் போதும். ‘உங்கள் வண்டி காலை 10:30 மணிக்கு வரும்’ என்று அவரே சரியாக அமைத்துக்கொள்வார். அந்த வெற்றிடத்துக்குள் வரும் நேரத்தை லொக்கேல் விதிப்படி முழுதாகத் தயாரித்து அனுப்புங்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் வெளியான சி.எல்.டி.ஆர். 42ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்துக்கும் ஏ.எம்., பி.எம்.முக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி முறியாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். எண் ஒரு வரியிலும் பி.எம். அடுத்த வரியிலும் பிரிந்து விழாமல் இருக்க நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் திரையில் காட்டிய நேரத்தையே திரும்ப வாங்கி, இடைவெளி இருக்கும் இடத்தில் வெட்டிப் படித்துக்கொண்டிருந்த நிரல்கள் உடைந்தன. குரோம் உலாவியின் 110ஆம் பதிப்பில் பழைய இடைவெளியையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. காட்டுவதற்காக எழுதியதைக் கணக்குக்காகத் திரும்பப் படிக்காதே என்று நாங்கள் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இதுதான். காலை, இரவு எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சித்தப்பாவின் டிக்கெட்டில் ‘சனி, இரவு 12:15’ என்று வந்திருந்தால் அவர் எப்போது மடிவாளா போயிருப்பார்? சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போயிருக்கும். பதினோரு மணி நேரப் பிழை கிட்டத்தட்ட இருபத்து நான்கு மணி நேரப் பிழையாக வளர்ந்திருக்கும்.

நாட்காட்டியில் நாள் நள்ளிரவில் மாறுகிறது. நம் மனதில் அப்படி மாறுவதில்லை. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, நம் பேச்சும் அதையே ஒட்டிப் போகிறது. ‘வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு வந்தான்’ என்று சொன்னால், நாட்காட்டிப்படி அது சனிக்கிழமை. ‘விடிஞ்சா சனிக்கிழமை’ என்று சொல்லும் மொழியில், விடியாதவரை வெள்ளிக்கிழமைதான். தூங்கி எழுந்தால்தான் மறுநாள்.

ரயிலில் இது ஆண்டாண்டாக நடக்கிறது. இந்திய ரயில்வே கால அட்டவணை 24 மணி நேரக் கணக்கில் இருப்பதால் ஏ.எம்., பி.எம். குழப்பம் அங்கே இல்லை. ஆனாலும் 15ஆம் தேதி 00:10 என்று டிக்கெட் எடுத்துவிட்டு, 15ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு நிலையத்துக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் 14ஆம் தேதி இரவே வந்திருக்க வேண்டும். மணி சரி, தேதியும் சரி, இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மனதுக்கு அது எந்த இரவு என்று தெரியவில்லை.

ஆகவே நள்ளிரவு முதல் விடியும்வரை உள்ள நேரங்களுக்குக் கிழமையை இரு பக்கமும் சொல்லிவிடுவதே நல்லது. அந்த டிக்கெட்டில் நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘வெள்ளி இரவு, நள்ளிரவு தாண்டி 12:15 (விடிந்தால் சனி)’. கொஞ்சம் நீளம்தான். சிறிய திரையில் இடமில்லை என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள். ‘வெள்ளி–சனி நள்ளிரவு 12:15’ என்று சுருக்கியாவது போடலாம். ஒரு வரி கூடுதலாகப் பிடித்தாலும், பையைத் தூக்கிக்கொண்டு தவறான நாளில் போய் நிற்பதை அது தடுக்கும்.

‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களைத் தானாகப் போடும் செயலிகளும் இங்கே சிக்கிக்கொள்ளும். இரவு பதினொன்றரைக்கு ‘உங்கள் பேருந்து நாளை 12:15 மணிக்கு’ என்று செய்தி வந்தால், படிப்பவர் போய்ப் படுத்துவிடுவார். பேருந்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ‘இன்னும் 45 நிமிடத்தில்’ என்று சொல்வதுதான் உதவி.

கடைசித் தேதிகளுக்கும் இதே கவனம் தேவை. ‘மார்ச் 31 நள்ளிரவு 12 வரை விண்ணப்பிக்கலாம்’ என்றால், 31 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? ‘மார்ச் 31, இரவு 11:59 வரை’ என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

மனிதர்கள் தமக்குள் இதையெல்லாம் சமாளித்துக்கொள்கிறார்கள். தினசரி நாட்காட்டியில் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30–12.00 என்று மட்டும் போட்டிருக்கும், இரவா பகலா என்று யாரும் கேட்பதில்லை. ராகு காலம் பார்ப்பது பகலில் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொது அறிவு மென்பொருளுக்குக் கிடையாது. அதைப் படிப்பவருக்கும், செயலி எந்த அர்த்தத்தில் சொல்கிறது என்று ஊகிக்க வழி கிடையாது.

எந்த நேரங்களைச் சோதிப்பது?

காலை பத்து மணியையும் மாலை ஐந்து மணியையும் போட்டுப் பார்த்துவிட்டு ‘சரியாக வருகிறது’ என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். அந்த இரண்டும் எப்போதும் சரியாகத்தான் வரும். எங்கள் குழுவில் ஒவ்வொரு மொழிக்கும் நாங்கள் போட்டுப் பார்ப்பது 0:00, 0:15, 3:30, 11:59, 12:00, 12:30, 13:00, 20:30, 23:59. இவற்றைத் திரையில் காட்டச் சொல்லி, பயனர் உள்ளிடுவதுபோலத் திரும்ப உள்ளே கொடுத்து, அதே எண் கிடைக்கிறதா என்று பார்ப்போம். போனில் 24 மணி நேர வடிவத்தை ஒருவர் தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், லொக்கேல் என்ன சொன்னாலும் அவர் விருப்பத்துக்குத்தான் முதலிடம். அதையும் ஒருமுறை மாற்றிவைத்துப் பார்ப்போம்.

அதற்குப் பிறகு ஒரு படி இருக்கிறது. 0:15 மணிக்கு ஒரு டிக்கெட்டை உருவாக்கி, மென்பொருள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் திரையைக் காட்டி, “இந்த வண்டிக்கு எப்போ வீட்டைவிட்டுக் கிளம்புவீங்க?” என்று கேட்போம். கிழமையும் நேரமும் சொல்ல வேண்டும், வேறு விளக்கம் எதுவும் தர மாட்டோம். போன மாதம் அந்தத் திரையைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். “வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு, ஒரு பத்தே முக்காலுக்குக் கிளம்பிடுவேன்மா” என்று பதில் அனுப்பியிருந்தார்.